நேட்டாலில் இருந்த இன்னொரு கொள்ளுப்பாட்டி: பதிவில்லாத கல்யாணத்தைக் கொடிவழியில் எப்படி எழுதுவது?

போளூர் பக்கத்து கிராமத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கொள்ளுத்தாத்தா 1898-ல் மனைவியையும் கைக்குழந்தையான மகனையும் ஊரில் விட்டுவிட்டு, சென்னையில் கப்பலேறி, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனார். 1909 வரை கடிதம் வந்தது. அதன்பிறகு தகவல் இல்லை. "அங்கே ஒருத்தியை வைத்துக்கொண்டார்" என்ற பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. சென்ற ஆண்டு டர்பனிலிருந்து ஒரு பெண்மணி, தானும் அவருடைய கொள்ளுப்பேத்தி என்று சொல்லித் தொடர்பு கொண்டிருக்கிறார். அவர் அனுப்பியவை மூன்று. கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவின் வரி ஒன்று. அதற்கு அடுத்த எண்ணில், செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த, வேறு சாதியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணின் வரி ஒன்று. 1931-ல் கொள்ளுத்தாத்தா இறந்தபோது எழுதிய இறப்பு அறிவிப்பு ஒன்று. அந்த அறிவிப்பில் "இந்து முறைப்படி மணமானவர்" என்று அதே பெண்ணின் பெயரோடு எழுதியிருக்கிறது. பிள்ளைகள் மூவர், மூத்தவர் 1901-ல் பிறந்தவர். கல்யாணப் பதிவு மட்டும் எங்கும் அகப்படவில்லை.

ஆசிரியை கேட்பது இவை: அடுத்தடுத்த எண் என்றால் சென்னையிலேயே கல்யாணம் ஆகிவிட்டதா? ஊரில் மனைவி இருக்கும்போது அது கல்யாணம் ஆகுமா? 1913-ல் ஒரு தீர்ப்பு இந்தியர் கல்யாணங்கள் எல்லாவற்றையும் செல்லாதவை ஆக்கிவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறாரே, அது சரியா? "அவர்களைக் கொடிவழியில் எழுதினால் நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்டு வருவார்கள்" என்று பெரியப்பா தடுக்கிறார், என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன. அந்த இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்களா என்பது ஒன்று. அதை எந்த அலுவலகமாவது பதிந்ததா என்பது இன்னொன்று. எந்த நாட்டுச் சட்டம், எந்தக் காரியத்துக்காக, அதைக் கல்யாணமாக ஏற்றது என்பது மூன்றாவது. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றொன்றுக்கு வைத்தால்தான் "வைத்துக்கொண்டவள்" மாதிரியான சொல் நூறு வருஷம் ஒரு குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் ஊர்க் கொள்ளுப்பாட்டியின் கல்யாணத்துக்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணங்களையும் கட்டாயம் பதியவேண்டும் என்ற சட்டமே 2009-ல்தான் வந்தது. ஊரார் பார்த்தார்கள், பந்தலில் சாப்பிட்டார்கள், அதனால் அது கல்யாணம். டர்பன் கொள்ளுப்பாட்டிக்கு மட்டும் பதிவேட்டைக் காட்டு என்று கேட்பது நியாயமான அளவுகோல் ஆகாது.

முதலில், அவர்தானா இவர்?

கல்யாணத்துக்குப் போகுமுன் ஆளை உறுதி செய்யுங்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பரில் டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் நேட்டால் போனார்கள். அதில் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். முனுசாமி, கோவிந்தன், ஆறுமுகம் என்ற பெயர்கள் ஒரே கப்பலில்கூடப் பலமுறை வரும். பெயரை மட்டும் வைத்து ஒட்டுவதுதான் இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் தவறு.

பட்டியலின் வரியில் ஒப்பந்த எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். இதில் தகப்பன் பெயர், கிராமம், சாதி மூன்றும் உங்கள் வீட்டு நினைவோடு பொருந்தவேண்டும். வயதை நம்பவேண்டாம்; பார்வைக்குத் தோன்றியதை எழுதியிருப்பார்கள். அந்தப் பழைய கடித உறையில் நேட்டால் ஊரான 'வெருலம்' தபால் முத்திரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தங்கம் மாதிரி. கப்பல் பட்டியலில் உள்ள முதலாளியின் தோட்டம் வெருலம் வட்டாரத்தில் இருந்தால், இங்கே வீட்டுப் பெட்டியில் கிடந்த காகிதமும் அங்கே காப்பகத்தில் கிடந்த ஏடும் ஒரே ஆளைக் காட்டுகின்றன என்று சொல்லிவிடலாம். உறையின் இரு பக்கத்தையும் இன்றே படமெடுத்து வையுங்கள்.

ஒப்பந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். 'முனியம்மா' ஒரு ஏட்டில் 'மூனியாமா', இன்னொன்றில் 'மன்னியம்மா' ஆகியிருப்பாள். பிள்ளைகள் காலத்தில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகும், முதலியார் 'மூட்லி' ஆகும், அல்லது தகப்பன் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிடும். எண் மட்டும் மாறாது. பிள்ளை பிறந்தாலும், ஆள் ஊர் திரும்பினாலும், இறந்தாலும் அந்த எண்ணைத்தான் எழுதினார்கள்.

அடுத்தடுத்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

அடுத்தடுத்த எண் என்பதாலேயே கணவன் மனைவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குடும்பமாக வந்தவர்களைப் பட்டியலில் சேர்த்து எழுதுவது வழக்கம்தான். ஆனால் ஒரு குடும்பம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டிருக்க மாட்டார்கள். திருமணமான பெண்ணுக்கும் பெரும்பாலும் தகப்பன் பெயரே இருக்கும். ஆகவே டர்பன் உறவினரிடம் அந்த இரண்டு வரியோடு நிறுத்தாமல், மேலே பத்து, கீழே பத்து வரிகளையும் கேட்டு வாங்குங்கள். அவளுக்குக் கீழே வரிசையாகத் தனிப் பெண்களாகவே இருந்தால், ஆண்கள் பட்டியல் இவரோடு முடிந்து பெண்கள் பட்டியல் இவளோடு தொடங்குகிறது என்றுதான் பொருள். எண் அடுத்தடுத்து வந்தது தற்செயல். மேலும் கீழும் ஆண், பெண், குழந்தை என்று கொத்துக் கொத்தாக இருந்தால் இவர்களும் ஒரு கொத்து என்று நினைக்க இடமுண்டு.

அடுத்த சோதனை இன்னும் வலுவானது. கணவன் மனைவி என்று ஏற்கப்பட்டவர்களை வேறு வேறு முதலாளிகளிடம் பிரித்து அனுப்பக்கூடாது என்பது விதி. இரு வரிகளிலும் முதலாளி பெயரைப் பாருங்கள். வேறு வேறாக இருந்தால், இறங்கும்போது அவர்கள் தம்பதியாகப் பதிவாகவில்லை. உறவு பின்னால் நேட்டாலில் உண்டானது. ஒன்றாக இருந்தால் உறுதியாகிவிடாது, ஆனால் சாத்தியம் கூடுகிறது.

ஜில்லா வேறு, சாதி வேறு என்பது உங்களைக் குழப்புகிறது. ஒவ்வொரு 100 ஆணுக்கும் 40 பெண் என்று கப்பலுக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். கூலிகளைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில், ஊரும் சாதியும் வேறான ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் துணையாகிக் கணவன் மனைவி என்று பெயர் கொடுத்தது உண்டு. தனியாக ஒரு பெண் அத்தனை ஆண்களோடு கடல் தாண்டும்போது அந்தத் துணை அவளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அதைக் கேவலமாகப் பேச நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்று. "கொள்ளுத்தாத்தா கல்யாணம் ஆகாதவர் என்று சொல்லித்தான் போயிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் அவர் தனியாளாகத் தெரிகிறார், அவ்வளவுதான். மனைவி கூட வரவில்லை என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லவில்லை.

பதிவு ஏன் இல்லை?

நேட்டாலின் 1891-ஆம் ஆண்டு 25-ஆம் சட்டப்படி ஒப்பந்த இந்தியர்கள் தங்கள் கல்யாணத்தைப் புரொடெக்டர் என்ற குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தில் பதியவேண்டும். கப்பலேறுமுன் நடந்த பலதார மணத்தை, வந்தவுடன் சொல்லிப் பதிந்தால் ஏற்றார்கள். வந்தபின் ஒருவருக்கு ஒரு துணைதான். ஆகவே ஊரில் மனைவி இருப்பதை மறைக்காத ஆண் அங்கே இரண்டாவது கல்யாணத்தைப் பதியவே முடியாது. பதிவு இல்லாததற்கு உங்கள் கொள்ளுத்தாத்தா விஷயத்தில் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு முன்பே ஒரு கணவர் பதிவாகியிருந்தாலும் இதே நிலைதான். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி ஊர்ச்சோறு போட்டதோடு கல்யாணம் முடிந்தது, இதற்கு மேல் அலுவலகம் எதற்கு என்று இருந்துவிட்டவர்களும் பலர்.

பதிவு நிஜமாகவே இல்லையா என்பதையும் சரியாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும். டர்பன் உறவினர் 1898 முதல் 1901 வரைதான் பார்த்திருக்கிறார், முதல் பிள்ளைக்கு முன்பு கல்யாணம் நடந்திருக்கவேண்டும் என்று எண்ணி. 1914-க்குப் பிந்தைய ஏடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், இந்திய மத முறைப்படி ஏற்கெனவே தம்பதியாக வாழ்பவர்கள் இருவரும் சேர்ந்து மாஜிஸ்ட்ரேட் முன்போ திருமண அதிகாரி முன்போ விண்ணப்பித்தால், அந்த உறவைச் செல்லுபடியாகும் கல்யாணமாகப் பதிய வழி செய்தது. இதனால் 1901-ல் பிள்ளை, 1916-ல் கல்யாணம் என்று ஏட்டில் வருவது உண்டு. அதைப் பார்த்துப் பதறவேண்டாம். அது பதிந்த தேதி, வாழத் தொடங்கிய தேதி அல்ல.

கல்யாண ஏட்டை விடப் பலன் தரக்கூடியவை வேறு இரண்டு. ஒன்று, மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள். தகவல் சொன்னவர் யார், தகப்பன் இடத்தில் இவருடைய எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பிள்ளையில் தகப்பன் இடம் வெறுமையாகவும் மற்ற இரண்டில் நிரப்பியும் இருந்தால் அதுவும் ஒரு செய்தி. இரண்டு, 1931 இறப்புக்குப் பின் திறந்த சொத்துக் கோப்பு. நேட்டால் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்திலும், ஒப்பந்த இந்தியர் பதிவுகள் டர்பன் காப்பகத்திலும் உள்ளன. தென்னாப்பிரிக்க தேசியக் காப்பகத்தின் இணையத் தேடலில் கோப்பு எண்ணை இலவசமாக எடுக்கலாம். படம் அதில் வராது, நகல் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

கையில் இருக்கும் இறப்பு அறிவிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இறந்தவர் அதை எழுதவில்லை. அடியில் கையெழுத்தோ கைரேகையோ யாருடையது என்று பாருங்கள். மகன் கையெழுத்திட்டிருந்தால், பெற்றோர் பற்றி அவர் கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் ஊர் எப்படி எண்ணியது என்பதைச் சொல்கிறார். இரண்டுமே மதிப்புள்ளவை, ஆனால் வேறு வேறு மதிப்பு.

1913 தீர்ப்பு

உங்கள் உறவினர் சொல்வது பாதி உண்மை. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த கல்யாணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது என்றார். வழக்கு, இந்தியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்ணை மனைவி என்ற உரிமையில் நாட்டுக்குள் விடுவதா என்பது பற்றியது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அதனால் பெரிய அவமானம் உண்டாயிற்று. தமிழ்ப் பெண்கள் போராட்டத்தில் இறங்கிச் சிறை போனதற்கும், தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் விட்டதற்கும் பின்னால் இந்தத் தீர்ப்பு இருந்தது. ஆனால் புரொடெக்டரிடம் பதிந்த நேட்டால் கல்யாணங்களை அது அழிக்கவில்லை. 1914 சட்டம் வந்ததே அந்தக் காயத்தை ஆற்றத்தான். கொள்ளுத்தாத்தா 1931 வரை வாழ்ந்தவர். அவர் குடும்பத்தை அந்த ஒரே ஆண்டின் தீர்ப்பை வைத்து அளப்பது சரியல்ல.

நம் பக்கச் சட்டத்தில் நிலைமை வேறு. சென்னை மாகாணத்தில் இந்து ஆணின் இரண்டாவது கல்யாணத்தைத் தடுத்த சட்டம் 1949-ல்தான் வந்தது, நாடு முழுவதற்கும் 1955-ல். அதற்கு முன் முறைப்படி நடந்த இரண்டாவது கல்யாணமும் இந்து சட்டத்தில் கல்யாணமே. அதாவது ஒரே உறவு நேட்டால் அலுவலகத்தில் ஒன்றுமில்லாததாகவும், போளூரில் செல்லுபடியானதாகவும் ஒரே சமயத்தில் இருந்திருக்க முடியும். சாதி வேறு என்பதால் அந்தக் காலத்து இந்து சட்டத்தில் வாதம் எழுந்திருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நெடுங்காலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தால், கல்யாணம் நடந்தது என்றே சட்டம் ஊகிக்கும். இல்லை என்பவர்தான் நிரூபிக்கவேண்டும். இலங்கையிலிருந்து போன ஒரு தமிழ்க் குடும்ப வழக்கில் 1881-லேயே, அப்போது மேல்முறையீட்டுக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதைச் சொல்லிவிட்டது. நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 119-ஆம் பிரிவு, இதற்குத் துணை. ஆனால் முதல் கல்யாணம் இருந்தது தெரிந்தால், ஒருதார மணச் சட்டம் நடக்கும் இடத்தில் இந்த ஊகம் அடிபடும். இதையும் நினைவில் வையுங்கள்.

மரபணுச் சோதனை

டர்பன் உறவினர் கேட்டால் செய்யலாம். நீங்கள் இருவரும் ஒரே கொள்ளுத்தாத்தாவுக்கு வேறு வேறு கொள்ளுப்பாட்டிகள் வழியாக வந்தவர்கள் என்றால் பொதுவான பங்கு சராசரியாக 1.5 சதவீதம் சுற்றி இருக்கும். கூடவோ குறையவோ செய்யும். அது இரத்த உறவைச் சொல்லும். தாலி கட்டினாரா என்பதைச் சொல்லாது.

நிலம் பற்றிய பயம்

பெரியப்பாவின் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். நிலத்தை நம்பி வாழ்ந்தவருக்கு அது இயல்பு. ஆனால் வீட்டில் எழுதும் கொடிவழி உரிமைப் பத்திரம் ஆகாது. கல்யாணம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், 1931-ல் அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது உரிமை இருந்திருந்தால் அதைக் கேட்கவேண்டியவர்கள் அவர்கள்தான். கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு மறுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். கெடு தாண்டினால் உரிமையே அற்றுப்போகும், பேரப்பிள்ளை காலத்தில் மீண்டும் முளைக்காது. "எனக்கு இப்போதுதான் தெரிந்தது" என்ற வாதம் எழலாம். ஆனால் உங்கள் தாத்தா பெயரில் பட்டா, 1950-களில் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம், இடையில் நடந்த விற்பனை எல்லாம் இருக்கும்போது அது நிற்பது மிகக் கடினம். பத்திரங்களை நேரில் பார்த்த பிறகே எந்த வழக்கறிஞரும் முடிவாகச் சொல்லவேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள்.

இரண்டு காரியம் மட்டும் செய்யாதீர்கள். டர்பன் உறவினரிடம் "எங்களுக்குப் பங்கு வேண்டாம்" என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கவேண்டாம். கேட்காத உரிமையை நீங்களே ஏற்றுக்கொண்டதாக அது பின்னால் படிக்கப்படலாம். அன்பாக வந்தவரைப் புண்படுத்தவும் செய்யும். இனி எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் "அவருக்கு வேறு சந்ததி இல்லை" என்று தெரிந்தே கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை நிலத்துக்காக மட்டும் படிக்காதீர்கள். "நேட்டாலுக்குப் போய்விட்ட என் தகப்பனார்" என்பது மாதிரி ஒரு வரி முன்னுரையில் இருந்தால், அது உங்கள் தாத்தாவே பதிவு அதிகாரி முன் சொன்ன சாட்சியம்.

எப்படி எழுதுவது

கொடிவழியில் கொள்ளுத்தாத்தாவிலிருந்து இரண்டு கிளை வரையுங்கள். ஊர்க் கொள்ளுப்பாட்டிக்கு "கல்யாணம் சுமார் 1895, ஊரில், குடும்ப நினைவு" என்று எழுதுங்கள். டர்பன் கொள்ளுப்பாட்டிக்கு "நேட்டாலில் துணைவி, குறைந்தது 1901 முதல் 1931 வரை, இந்து முறைக் கல்யாணம் என 1931 இறப்பு அறிவிப்பு சொல்கிறது, பதிவு இதுவரை கிடைக்கவில்லை, தேடிய ஏடுகள் இவை, தேடிய நாள் இது" என்று எழுதுங்கள். 'முதல் மனைவி', 'இரண்டாம் மனைவி' என்ற எண்ணோ, 'வைப்பு' என்ற சொல்லோ வேண்டாம். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தக் காகிதம் அல்லது யார் வாய்மொழி என்று குறியுங்கள். புதிதாக ஏதாவது கிடைத்தால் வரியைத் திருத்துங்கள், பழைய வரியை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

ஒரு விஷயத்தை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை: ஊர்க் கொள்ளுப்பாட்டி இறந்தது எப்போது? 1914 சட்டப்படிப் பதியும்போது வேறு துணை இல்லை என்று காட்டவேண்டியிருந்தது. அவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தால் டர்பனில் 1914-க்குப் பின் பதிவு இருக்க நல்ல வாய்ப்புண்டு. உயிரோடு இருந்திருந்தால் அது ஏன் இல்லை என்பதற்கு விடை ஊரிலேயே இருக்கிறது. கிராம இறப்புப் பதிவேட்டைத் தேடுமுன் பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: கொள்ளுப்பாட்டியைச் சுமங்கலியாக எடுத்தார்களா, அல்லது அதற்கு முன்பே தாலியைக் கழற்றியிருந்தாரா? கழற்றியிருந்தால், டர்பனிலிருந்து சாவுச் செய்தி யாரோ ஒருவர் மூலம் ஊருக்கு வந்திருக்கிறது. அது யார் மூலம் வந்தது என்று அவருக்கு நினைவிருக்கலாம்.